செவிமடுப்போருக்கும் ஒரு செவி

பிறர் துயரைக் கேட்பதையே பணியாகக் கொண்டோர் இன்று நம் ஊர்களில் பெருகி வருகின்றனர். முன்பெல்லாம் பெரிய மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் மட்டுமே காணப்பட்ட இவர்கள், இப்போது வீட்டின் முன்னறையிலோ மாடியில் வாடகைக்கு எடுத்த சிற்றறையிலோ இரண்டு நாற்காலிகளை இட்டுத் தனித்துப் பணியாற்றுகின்றனர். மக்கள் இவர்களைக் கவுன்சலர் என்பர். ஆற்றுப்படுத்துநர் என்பது நாம் வழங்கும் தமிழ்ச்சொல். பரிசில் பெற்று மீளும் பாணன் வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வழி சொல்கிறவனும் அவ்வழியில் நடந்து களைத்தவனே என்பதை அச்சொல் மறைக்கவில்லை.

நாங்கள் ஐவர் இப்பணியில் இருக்கிறோம், நால்வர் பெண்கள். ஒருவர் நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் மருத்துவமனை வேலையை விட்டுத் தனியே தொடங்கியவர். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் எங்களுள் ஒருவர் இல்லத்தில் கூடுகிறோம். இத்துறையில் எங்களினும் மூத்த அம்மையார் ஒருவர் பக்கத்து மாவட்டத்திலிருந்து பேருந்தில் வந்து எங்களோடு இரண்டரை மணி நேரம் அமர்வார். அவருக்கு நாங்கள் கட்டணம் செலுத்துகிறோம். எங்களிடம் வருவோரைப் பற்றியும் எங்களைப் பற்றியும் அவரிடம் பேசுகிறோம். இதற்கு மேற்பார்வை என்று பெயர். அப்பெயர் எங்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கொத்தனாரின் பின்னால் மேஸ்திரி நிற்பதும் தேர்வறையில் கண்காணிப்பாளர் உலவுவதும் நினைவுக்கு வருகின்றன. வேறொரு சொல் இன்னும் வழக்கில் ஊன்றாமையால் அதனையே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் நாள் வருவோருக்கு நாங்கள் ஒரு தாளைக் கொடுப்பது வழக்கம். எங்கள் பணியை மூத்தவர் ஒருவரிடம் கலந்து பேசுவோம் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். அண்மையில் தம் மகளை அழைத்து வந்த தந்தை ஒருவர் அத்தாளை இருமுறை படித்தார். "எங்கள் வீட்டு விவகாரத்தை நீங்கள் இன்னொருவரிடம் கொண்டுபோவீர்களா, அம்மா?" என்று கேட்டார். விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், ஆயினும் மறுவாரம் மகளை அழைத்து வரவில்லை. அவருடைய அச்சம் நியாயமானதே. மணப்பருவத்தில் மகளை உடைய எந்தத் தந்தைக்கும் அவ்வச்சம் எழும். அவரைப் போன்றோரை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

நம் குடும்பங்களில் இவ்வச்சம் சற்று மிகுதியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியது வேறெங்கும் போகாது என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம். அம்முத்திரை மீறவொண்ணாதது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 983ஆம் விதியில் கூறுகிறது. ஆற்றுப்படுத்துநர் காக்கும் இரகசியம் அத்தகையது அன்று. அதற்கு எல்லைகள் உண்டு. குழந்தை ஒன்று பாலியல் கொடுமைக்கு உள்ளானதை அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில் விதிக்கிறது. தெரிவிக்கத் தவறுவோருக்குத் தண்டனையும் உண்டு. குழந்தையின் தாய் கைகூப்பி, "வெளியே சொல்லிவிடாதீர்கள்" என்று மன்றாடும் வேளையில், தனியறையில் தனியொருத்தியாக அமர்ந்திருப்பவர் அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுவார்? தாயைப் பகைத்துக்கொள்ளாமலும் குழந்தையைக் கைவிடாமலும் அடுத்த அடியை எடுத்து வைக்க, அன்று மாலையே தொலைபேசியில் பேசுவதற்கு ஒருவர் வேண்டாமா?

மேற்பார்வைக்குக் கொண்டுபோகும்போது பெயர் சொல்வதில்லை. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் மாற்றிவிடுகிறோம். சிற்றூர்களில் இது மட்டும் போதாது. ஒரே பங்கில் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேருக்கு உறவினராய் இருக்கும் இடங்களில், "வெளிநாட்டில் கணவர், வீட்டில் படுக்கையாய் மாமனார்" என்றவுடனே யார் என்று தெரிந்துவிடும். ஆகவே, எங்கள் ஐவருள் ஒருவருக்கேனும் அறிமுகமாய் இருக்கக்கூடிய குடும்பத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் பேசுவதில்லை. அதனை அம்மையாரிடம் மட்டும் தனியே பேசுகிறோம். அவர் வெளி மாவட்டத்தவராய் இருக்கவேண்டும் என்று நாங்கள் தேடியதும் இதனாலேயே. கேட்டவரும் அதே முத்திரைக்குள் நிற்கிறார்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1920இல் பெர்லினில் தொடங்கப்பெற்ற உளப்பகுப்பாய்வு மருத்துவமனையில், பயிற்சி பெறுவோர் நோயாளிகளைப் பார்த்தபின் மூத்தவரிடம் சென்று அதைப் பற்றிப் பேசவேண்டும் என்ற முறையை மாக்ஸ் ஐட்டிங்கன் நிலைநாட்டினார். சில ஆண்டுகளுக்குள் அது பிற நாடுகளின் பயிற்சிக்கும் விதியாயிற்று. மூத்தவர்களுக்கும் அது வேண்டும் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. பிராய்டே 1937இல் எழுதிய கட்டுரையில், பகுப்பாய்வாளர் ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தாமே மீண்டும் பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும் என்றும், அதற்கு வெட்கப்படலாகாது என்றும் கூறியிருக்கிறார். அங்கேரியில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய மைக்கேல் பாலிண்ட் 1950களில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களை வட்டமாக அமர்த்தி, தங்களைத் தொல்லைப்படுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் அவ்வட்டத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம். தேநீரும் முறுக்கும் எங்கள் சேர்க்கை.

அவ்வாறான ஒரு பிற்பகலில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். அடையாளங்களை மாற்றியே சொல்கிறோம். எங்களுள் ஒருவர், மணமாகி இரண்டாண்டுகளான ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். வழக்கமாக நிதானமாகப் பேசும் அவர் அன்று மூச்சுவிடாமல் பேசினார். நாங்களும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, "மாமியாரை அழைத்துப் பேசுங்கள்", "கணவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்" என்று யோசனைகளை அடுக்கினோம். அம்மையார் கையை உயர்த்தி, "இந்த அறையில் இப்போது எதற்கு இவ்வளவு அவசரம்?" என்று மட்டும் கேட்டார். எவருக்கும் விடை தெரியவில்லை. பிறகு பேசியவர் மெல்லச் சொன்னார்: அப்பெண்ணின் கணவர் மூன்று வாரங்களில் வளைகுடாவுக்குத் திரும்புகிறார், அதற்குள் இவளைச் சரிசெய்து தரவேண்டும் என்று குடும்பத்தார் நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டில் தொடங்கிய அவசரம் ஆற்றுப்படுத்தும் அறைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கூட்டத்துக்கும் வந்து அமர்ந்துவிட்டது. இவ்வாறு ஓரறையில் உள்ளது மற்றோர் அறையில் பிரதிபலிப்பதை அமெரிக்க மருத்துவர் ஹரால்டு சேர்ல்ஸ் 1955இலேயே எழுதியிருக்கிறார். படித்திருந்தோம், கண்ணால் கண்டது அன்றுதான். அடுத்த முறை அப்பெண் வந்தபோது, எங்கள் தோழி யோசனை எதுவும் சொல்லவில்லை. "இந்த மூன்று வாரக் கெடுவை யார் வைத்தார்கள், அம்மா?" என்று கேட்டாராம். அப்பெண் நெடுநேரம் அழுதபின் முதன்முறையாகத் தன் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

அம்மையார் எங்களிடம் வருவோரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள், நடுவே சாப்பிட்டீர்களா, இரவில் உறக்கம் வருகிறதா என்று கேட்பார். கட்டணம் கேட்க ஏன் தயங்கினீர்கள் என்றும் கேட்பார். எங்களுள் ஒருவரின் தந்தை காலமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தபோது, தந்தையை இழந்த இளைஞன் ஒருவன் அவரிடம் வந்தான். அவனுக்காக அழுகிறீர்களா, உங்களுக்காக அழுகிறீர்களா என்று அம்மையார் கேட்டார். நம் தோழி இரண்டு நாள் யோசித்து, அவனை வேறொருவரிடம் அனுப்பிவைத்தார். இவை சிலருக்குச் சொந்த விவகாரங்களில் தலையிடுவதாகத் தோன்றலாம். எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. கணக்கருக்கு அன்று தலைவலி இருந்தாலும் பேரேட்டில் எண்கள் மாறுவதில்லை. கேட்கும் மனமே கருவியாய் இருக்கும் தொழிலில் அப்படி இருக்க இயலாது. மருத்துவமனையில் பணியாற்றுபவருக்கு இடைவழியில் நின்று பேசவேனும் ஒரு தோழர் இருப்பார். வீட்டு முன்னறையில் பணியாற்றுபவர் கதவைச் சாத்தினால் அடுத்த அறையில் இருப்பது தம் குடும்பம். அவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லலாகாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இரவுச் சாப்பாட்டின்போது அவர் பேசாமல் இருப்பதைத் தவறாக எண்ணாதீர்கள்.

பிரித்தானியாவில் ஆற்றுப்படுத்துநர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் மாதத்துக்கு ஒன்றரை மணி நேரமேனும் மேற்பார்வை பெறவேண்டும் என்பது விதி. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் விலக்கில்லை. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆற்றுப்படுத்துநரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆயினும், தனித்துப் பணியாற்றுவோர் தம் பணியை ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது இன்றும் பெரும்பாலும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்ததே. செலவும் உண்டு. புதிதாய்த் தொடங்கியோர்க்கு மாதக் கட்டணம் பாரமாகிறது. ஐவர் சேர்ந்து பகிர்வதால் எங்களுக்கு இயலுகிறது. ஆகையால், நீங்கள் ஒருவரை நாடிச் செல்லும்போது அவர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பதோடு, "உங்கள் பணியை யாரிடம் கலந்து பேசுகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அக்கேள்விக்குச் சினம் கொள்வோரிடம் உங்கள் பிள்ளையை அனுப்பவேண்டாம் என்பது எங்கள் கருத்து.

சென்ற ஆண்டு அம்மையார் எங்களிடம் வேறொன்று கேட்டார்: "நாளைக்கே உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருகிறவரிடம் யார் சொல்வார்கள்?" அதுவரை நாங்கள் அதை எண்ணிப் பார்த்ததில்லை, தனித்துப் பணியாற்றுவோருள் பலரும் எண்ணுவதில்லை. இப்போது ஒவ்வொருவரும் தம்மிடம் வருவோரின் பெயர், தொலைபேசி எண், அடுத்து யாரிடம் அனுப்பலாம் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதி, உறையில் இட்டு, அரக்கு வைத்து, மற்றொருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவ்வாறு ஒப்படைப்பதையும் அந்த முதல்நாள் தாளில் சேர்த்திருக்கிறோம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பழைய உறையைப் பிரிக்காமலே எரித்துவிட்டுப் புதியது வைக்கிறோம். ஐந்து உறைகளும் ஐந்து வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.