நாற்பத்தெட்டு கழன்றபோது

டைட்டானியம் அணுவின் நிறை 48. நான்கு கார்பன் அணுக்களைக் கூட்டினாலும் 48. இந்த ஒற்றுமை என்னைப் பல இரவுகள் ஆய்வகத்திலேயே உட்கார வைத்தது.

டைட்டானியக் கம்பிமேல் லேசர் அடித்து, கிளம்பும் ஆவியை மீத்தேன் கலந்த ஹீலியத்தில் குளிரவிட்டால் உலோகமும் கார்பனும் சேர்ந்து கொத்துக் கொத்தாக அயனிகள் பிறக்கும். அவற்றில் 528 நிறையில் ஒன்று ஓங்கி நிற்கும்: எட்டு டைட்டானியம், பன்னிரண்டு கார்பன். 1992-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காசில்மன் குழு கண்டறிந்த 'மெட்கார்' இதுதான். அதை மட்டும் பிரித்து, ஆர்கான் நிரப்பிய அறைக்குள் செலுத்தி உடைப்பது என் வேலை.

எவ்வளவு பலமாக மோதவிடுவது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. அயனிக்கு 100 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தாலும், ஆர்கான் இலேசான அணு என்பதால், உடைக்க உதவுவது அதிகபட்சம் 7தான். செனான் என்றால் 20 வரை கிடைக்கும். வாயுவைக் கூட்டினால் துண்டுகள் பெருகும், பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் ஒரே அயனி இரண்டு மூன்று அடி வாங்கியிருக்கும். முதலில் கழன்றது எது என்று பிறகு சொல்லவே முடியாது. அதனால் வாயுவைக் குறைத்துவிட்டு, மங்கலான ஒரு கோட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பேன்.

முதன்முறை 480-க்கு அருகில் துண்டு தெரிந்ததும், 'நான்கு கார்பன் போய்விட்டது' என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் அதே படத்தை நிதானமாகப் பார்த்தேன். கார்பன் போயிருந்தால் 480-இல் ஏறக்குறைய ஒற்றைக் கோடுதான் நிற்க வேண்டும். அங்கே இருந்ததோ 478 முதல் 482 வரை பரவிய கோடுகள். டைட்டானியத்துக்கு 46 முதல் 50 வரை ஐந்து ஐசோடோப்புகள். மொத்தம் 528 என்று தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கலப்பு உள்ளேயே இருக்கிறது. எந்த ஐசோடோப்பு கழல்கிறதோ அதற்கேற்ப மிச்சம் மாறுகிறது. சந்தேகம் தீர, கார்பன்-13 மீத்தேனை வாங்கி மறுபடி செய்தேன். இப்போது தாய் அயனி 540. கார்பன் போனால் 488, உலோகம் போனால் 492. கோடு 492-ஐச் சுற்றி விழுந்தது.

கார்பன்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து உறுதியாக நிற்க, ஓரத்து உலோக அணுதான் முதலில் விடுபடுகிறது. அந்தப் பழைய வரியை நோட்டில் நான் கிழிக்கவில்லை. புதிதாக வரும் மாணவர்களுக்கு அதைக் காட்டி, எண்ணைப் படிக்கும் முன் கோடு எவ்வளவு பரந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.