தொட்டிச் செடி

மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் 'இவை தொட்டிச் செடிகள்' என்று ஒரு வாக்கியம் வரும். வேர் மண்ணைத் தொடவில்லை, வரவேற்பறை வெளிச்சத்துக்கு இலையை விரித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான் என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் கடிதத்தில் அதையே எனக்குத் திருப்பி எழுதினார்கள். தொகுப்பை எழுதியவர் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நாளில் எலியட்டைத் தவிர உலகத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த எனக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று பை நிறையப் புத்தகம் கொடுத்து அனுப்பியவர். மதிப்புரைக்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதியதாகத் தெரியவில்லை. என்னால்தான் என்று சொன்னால் என் எழுத்துக்கு இல்லாத சக்தியை அதற்குக் கொடுத்ததாக ஆகும். என்னால் இல்லை என்று சொல்லவும் நா வரவில்லை.

இப்போது நானே ஒரு தொட்டிச் செடி வளர்க்கிறேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு போயிருந்தேன். ராஜம் அய்யரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் அந்த ஊர்க்காரர்கள் என்பதால் அங்கே பஸ்ஸைவிட்டு இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அசட்டுப் பரவசம் உண்டாகும். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கி 1970 வரை இழுத்துக்கொண்டு போன மனிதர் நடந்த தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடையும் செருப்புக் கடையும்தான் இருக்கின்றன. வேறு என்ன இருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. பஸ் நிலையத்தில் ஒரு அம்மாள் கூடையில் வெண்ணெய்ப் பழம் வைத்திருந்தாள். மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் ஊடே வளர்கிற மரம். தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதில் ஒரு ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. பூர்வீகம் மெக்சிகோவும் அதன் தெற்கும். ஆவகாடோ என்கிறார்கள், நம் ஊர்ப் பழக்கடைகளில் பட்டர் ஃப்ரூட். இரண்டு வாங்கினேன்.

வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னய்யா, உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல" என்றாள். சீனி போட்டுப் பாலில் அடித்ததும் குழந்தைகள் குடித்தார்கள். விதை மட்டும் எனக்கு மிஞ்சியது. எலுமிச்சைக்கு மேலே, மாங்கொட்டைக்குக் கீழே ஒரு கனம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தபோது தூக்கியெறிய மனம் வரவில்லை.

இந்த விதையின் பருமனைப் பற்றி ஒரு ஊகம் உண்டு. இதை முழுசாக விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போட்ட பெரும் மிருகங்கள் அமெரிக்கக் கண்டத்தில் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அழிந்துபோய்விட்டன. வாய் போன பிறகும் பழம் அந்த வாயின் அளவுக்கே காய்த்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த ஊகம். எல்லோரும் ஒப்புக்கொண்டது அல்ல. முன்னூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு மட்டும் அதை நம்பிவிட ஆசை.

நம் நெல்லையும் கம்பையும் போலக் காயவைத்துக் குதிரில் போட்டுவைக்கக்கூடிய விதை இல்லை இது. காய்ந்தால் செத்துவிடும். ஈரம் போகுமுன் முளைத்தாக வேண்டும். விளக்குமாற்று ஈர்க்குச்சியில் மூன்று துண்டு ஒடித்து, விதையின் இடுப்பில் குத்தி, அகன்ற அடிப்பக்கம் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கும்படி கண்ணாடி டம்ளரின் வாயில் உட்காரவைத்தேன். ஜன்னலோரம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

தண்ணீர் என்றதும் வீட்டில் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டு ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. பழ மரங்களிலேயே உப்பை இதைப்போலப் பொறுக்காத மரம் குறைவு. இலை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும் என்று படித்திருந்தேன். ஆகவே தாமிரபரணியிலிருந்து குழாயில் வந்து, அம்மா குடங்களில் பிடித்து வரிசையாக மூடி வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டேன். அம்மா பார்த்துவிட்டாள். "குடிக்கிற தண்ணியவா?" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சிறு பெண்ணாக இருந்தபோது கோடையில் ஊருணி வற்றிப்போய், ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப அரைப் பொழுது ஆகுமாம். திருச்சுழிப் பக்கம் எந்தக் கிழவியைக் கேட்டாலும் இந்தச் சிரட்டையைப் பற்றிச் சொல்வாள். அந்த நினைவின் முன்னால் என் டம்ளர் ஒரு அபத்தமான பொருளாக ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் மொண்டேன்.

ஐந்து வாரம் ஒன்றுமில்லை. தோல் உரிந்தது, தண்ணீர் பழுப்பானது. ஆறாவது வாரம் விதை நடுவில் பிளந்து, பிளவுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு வேர் கீழே இறங்கியது. தண்டு அதற்கும் பல நாள் கழித்துத்தான் எட்டிப் பார்த்தது. ஐப்பசி மழையில் கரிசல் முழுக்க உளுந்தும் மக்காச்சோளமும் நாலாம் நாளே பச்சை கட்டி நின்றபோது என் விதை டம்ளரில் சாவகாசமாக யோசித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதைப் போன்சாய் ஆக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. சீனாவில் பிறந்து ஜப்பானில் கறாரான ஒழுங்காகிவிட்ட அந்தக் கலையைப் பற்றி நூலகத்தில் எடுத்துப் படித்தேன். வேரைக் கத்தரிப்பது, கிளையைக் கம்பி சுற்றி வளைப்பது, ஆழமில்லாத தட்டில் வைப்பது. அதில் மரத்தின் வயதுதான் முக்கியம். குள்ளம் அதன் உபாயம் மட்டுமே. இந்தச் செடி அதற்கு லாயக்கில்லை என்பதும் தெரிந்தது. கிளையைக் குறுக்கலாம், இலை குறுகாது. முழ உயர மரத்தில் சாண் நீள இலை தொங்கினால் சின்னப் பையன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல இருக்கும். தவிர, இந்த ஊரில் போன்சாய்க்கு ஜப்பான் வரை போக வேண்டிய அவசியமில்லை. கம்மாய்க் கரையில் வருஷக்கணக்காக வெள்ளாடு கடித்துக் கடித்து இடுப்புயரத்துக்கு மேல் எழும்பாமல், அடிமரம் மட்டும் முறுகித் தடித்துப்போன உடைமரங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருச்சுழிக் கோயிலுக்குப் போனால் மதில் இடுக்குகளைப் பாருங்கள். கல்லின் சந்தில் காக்கை போட்ட விதையில் அரசங்கன்று நிற்கும். மண் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒரு சாண் உயர்ந்ததும் தண்டைப் பாதியில் வெட்ட வேண்டும் என்பது விதி. நுனி இருக்கும்வரை அது கீழே உறங்கும் மொட்டுகளை எழவிடாது. செடி ஒற்றைக் குச்சியாக ஓடிவிடும். நுனி போனால் பக்கத்து மொட்டுகள் விழிக்கும். காரணம் எல்லாம் தெரிந்தும், மூன்று மாதம் காத்திருந்து வந்த தண்டின் மேல் கத்தரியை வைக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. மதிப்புரையில் அந்த வாக்கியத்தை எழுத நாலு நிமிஷம் ஆகியிருக்காது.

இரண்டு கிளை விட்டதும் மண் தொட்டிக்கு மாற்றி, தை மாதம் வங்கிக்குக் கொண்டுபோய் என் கவுண்டரில் வைத்தேன். நகைக்கடன் கவுண்டர். டோக்கனோடு காத்திருக்கிறவர்களுக்கு வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒருநாள் மானாவாரிக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், இரண்டு வளையல்களைத் துணியிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, "இது என்ன காய்க்கும் தம்பி?" என்றார். இது காய்க்காது என்றேன். விதையில் வந்த மரம் தரையிலேயே பல வருஷம் கழித்துத்தான் காய்க்கும். தொட்டியில் காய்ப்பது அபூர்வம். காய்த்தாலும் தாய் மரத்துப் பழம் மாதிரி இருக்காது. இவ்வளவையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "அப்ப எதுக்குத் தண்ணி ஊத்துறீக?" என்றார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எடைச் சீட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு கதை ராத்திரிதான் ஞாபகத்துக்கு வந்தது. கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்று ஒரு தபால்காரர். 1920களில் கொஞ்சம் நிலம் வாங்கி விதை போட்டு, முளைத்த கன்றுகளில் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டினார். ஒரு கன்றில் மட்டும் ஒட்டுப் பிடிக்கவில்லை. வெட்டிப்போட வேண்டியது, எப்படியோ நின்றுவிட்டது. அதன் பழம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. 1935இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதனால் பணக்காரர் ஆகவில்லை. இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு அந்த ஒரு மரத்தின் ஒட்டுகள்தான். தாய் மரம் வேரழுகி 2002இல் செத்தது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வளையலை அடகு வைக்க வந்தவரிடம் சொல்லக்கூடியதா என்பது சந்தேகம். கோடியில் ஒன்றைக் காட்டி மற்றதற்கெல்லாம் தண்ணீர் கேட்பது நியாயமில்லை.

மாசி கடைசியில் ஆசிரியர் வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை வைக்க வேண்டியிருந்தது. என் கவுண்டர் என்று தெரியாமல் வந்திருக்க வேண்டும். தெரிந்தும் திரும்பிப் போகவில்லை. நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். மதிப்பீட்டாளர் நகையை உரசிக்கொண்டிருந்தபோது செடியைப் பார்த்தார்.

"நீங்க வளக்குறதா?"

"ஆமா சார்."

"விதையிலேருந்தா?"

"ஆமா சார்."

ஒரு இலையை அடியிலிருந்து விரலால் ஏந்திப் பார்த்தார். "நுனிய வெட்டியிருக்கீங்க."

"வெட்டினாத்தான் சார் கிளைக்கும்."

"எப்ப வெட்டினீங்க?"

"ஒரு சாண் வந்த பிறகு."

"ம்" என்றார். பணத்தை எண்ணி, ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுதுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த டோக்கன் எண் ஒலித்தது.

அன்று இரவு அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். நாடகமாக ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலான கவிதைகள் இன்றும் எனக்கு உயிரற்றே தோன்றுகின்றன. ஆங்கில வாசிப்பின் நிழல், தமிழில் பொருந்தாத படிமங்கள். ஆனால் கம்மாய் வற்றும்போது வெடிக்கும் சகதியைப் பற்றி மூன்று கவிதைகள் இருக்கின்றன. அவற்றை அன்றும் படித்தேன். பென்சிலால் கோடு கூட இழுத்திருக்கிறேன். மதிப்புரையில் அவற்றை நான் காட்டவில்லை. மறந்துவிடவில்லை. காட்டினால் என் வாக்கியம் நிற்காது என்று தெரிந்தே விட்டுவிட்டேன். அபிப்பிராயத்தில் தவறுவதற்கு விமர்சகனுக்கு உரிமை உண்டு. நான் செய்தது அந்த வகையில் சேராது.

பங்குனியில் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றத் தட்டிக் கவிழ்த்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். வேர் மண்ணைத் தொடாமல் இல்லை. மண் பூராவும் வேராக இருந்தது. சுவரில் முட்டித் திரும்பி, சுற்றிச் சுற்றிவந்து, தொட்டியின் உருவத்திலேயே ஒரு வேர்க்கூடை முடைந்திருந்தது. தொட்டிச் செடியைப் பற்றி எழுதியவன் அதுவரை ஒரு தொட்டியைக் கூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

சித்திரையில் மூன்று நாள் விடுப்பில் போயிருந்தேன். செடி வாடியதைப் பார்த்து அலுவலகத்தில் யாரோ நல்ல மனசோடு ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது பழைய இலைகளின் ஓரம் தீய்ந்த அப்பளம்போல் ஆகியிருந்தது. வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். உப்பை அலசிவிட நல்ல தண்ணீர் நிறையத் தேவை. குழாய் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது; குடங்களைத் தட்டினாலே வெறும் சத்தம் கேட்டது. நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இந்தப் பத்திரிகை ஆசிரியர் குழுவில் இருக்கும் நண்பர், பேச்சோடு பேச்சாக, திருச்சுழிச் சந்தா இன்றுவரை நிற்கவில்லை என்றார். வருஷா வருஷம் பணம் வந்துவிடுகிறதாம். அப்படியானால் அந்த மதிப்புரைக்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றையும் அவர் வாசித்திருக்கிறார். இதையும் வாசிப்பார். அந்த மூன்று கவிதைகள் தொகுப்பின் 14, 31, 32ஆம் பக்கங்களில் இருக்கின்றன.

நேற்று வங்கியிலிருந்து வந்தபோது தொட்டி மண் ஈரமாக, லேசாக வெளுத்திருந்தது. அரிசி களைந்த தண்ணீர். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே, தீய்ந்த இலைகளுக்கு நடுவில், செம்பு நிறத்தில் இரண்டு தளிர்.