துஞ்சாத கணினி

புறநானூற்றுப் பாடல்களின் கீழே வரும் குறிப்புகளில், சில மன்னர்களின் பெயரோடு அவர்கள் இறந்த இடமும் சேர்ந்தே வரும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி. துஞ்சுதல் என்றால் உறங்குதல், இங்கே இறத்தல். 'அப்படியானால் தூக்கம் எது, சாவு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்டுவிடுவார். இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவோம். மடிக்கணினி விஷயத்தில் அப்படிப் போய்விட முடியவில்லை.

எங்கள் துறையில் மூவர் சேர்ந்து சில ஆண்டுகளாக ஏற்றப்பாட்டுகளைத் தொகுத்து வருகிறோம். ஏற்றம் போய்விட்டது, மின்மோட்டார் வந்த பிறகு யாரும் துலாவின் மேல் ஏறி நடப்பதில்லை. சால் கணக்கைப் பாட்டிலேயே வைத்து எண்ணிய தலைமுறையில் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களுள் செஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் எண்பது கடந்த பெரியவர் ஒருவர். அவர் பாடியதை முன்பே பதிவு செய்து எழுதியும் வைத்துவிட்டோம். ஆனால் நாற்பத்து மூன்று இடங்களில் சொல் எங்களுக்குப் பிடிபடவில்லை. மாடு கத்துகிறது, பல் இல்லாத வாயில் ழகரம் கரைகிறது, இடையில் யாரோ காபி கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்த நாற்பத்து மூன்று துண்டுகளையும் தனித்தனியே வெட்டி மடிக்கணினியில் வைத்துக்கொண்டு, அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டிப் பாடம் உறுதி செய்வதென்று திட்டம்.

முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு மின்கலம் நூறு விழுக்காடு காட்டியது. திரையை மூடிப் பைக்குள் வைத்தோம். மறுநாள் காலை பத்தரைக்குப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் திறந்தபோது கணினி உயிரற்றுக் கிடந்தது. அன்று அந்த வட்டாரத்தில் பராமரிப்புக்கான மின்தடை; மாலை ஐந்துக்குத்தான் மின்சாரம் வரும். மதியப் பேருந்தில் பெரியவரை மகள் வீட்டுக்கு அழைத்துப்போக ஏற்பாடாகியிருந்தது. கைப்பேசியில் புதிதாகப் பதிவு செய்யலாமே என்று எங்கள் ஆய்வு மாணவர் யோசனை சொன்னார். பெரியவர் சிரித்தார். "அன்னைக்குப் பாடுனது அன்னைக்கே போச்சு வாத்தியாரே. இன்னைக்கு வேற பாட்டுதான் வரும்" என்றார். அவர் சொன்னது சரி. வாய்மொழிப் பாட்டில் ஒரே பாட்டு இருமுறை வருவதில்லை என்று நாங்கள் வகுப்பில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வேறு பாட்டையும் பதிவு செய்துகொண்டோம். நாற்பத்து மூன்று ஐயங்களும் அப்படியே இருந்தன.

திரும்பும் வழியில் எழுந்த கேள்வி இதுதான்: பைக்குள் உறங்கிக்கொண்டிருந்ததாக நாங்கள் நம்பிய கருவி, பதின்மூன்றரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தது?

கணினியின் உறக்கத்துக்கு ஒரு நூற்பா உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் வரையறை, கணினியின் நிலைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை வகுத்தது. எஸ்0 என்பது விழிப்பு. எஸ்5 என்பது அணைந்த நிலை. இடையில் உள்ளவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டு. எஸ்3இல் செயலி, திரை, வட்டு எல்லாம் அணைந்துவிடும். தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். எஸ்4இல் அந்த நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி முழுவதுமாக அணைந்துவிடும். எழுப்பினால் வட்டிலிருந்து படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்னதை உறக்கம் என்றும் பின்னதை ஆழ்துயில் என்றும் வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகத் திரையை மூடினால் கிடைத்தது எஸ்3தான்.

பிறகு கைப்பேசி வந்தது. எடுத்தவுடன் விழிக்க வேண்டும், மூடியிருக்கும்போதும் அஞ்சல் வந்து சேர வேண்டும் என்ற ஆசையை அது உண்டாக்கியது. 2012இல் வந்த விண்டோஸ் 8 இதற்கு ஒரு வழி செய்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை விரித்து 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்று பெயரிட்டது. மேக் கணினிகளிலும் 2012இலேயே 'பவர் நாப்' என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடு வந்துவிட்டது. விண்டோஸின் இந்தப் புது உறக்கத்தில் கணினி எஸ்0ஐ விட்டு இறங்குவதே இல்லை. விழிப்பு நிலையிலேயே, திரையை அணைத்து, உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒடுக்கிக்கொண்டு, அவ்வப்போது எழுந்து வேலை பார்த்துவிட்டு மறுபடி ஒடுங்குகிறது. வைணவர்கள் இதற்கு ஆயிரமாண்டுக்கு மேலாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: அறிதுயில். பாற்கடலில் கிடப்பவன் உறங்குவதுபோல் தோன்றுவான், எல்லாம் அறிந்துகொண்டிருப்பான். அவனுக்கு மின்கலத் தொல்லை இல்லை.

அறிதுயில் கெட்ட ஏற்பாடு என்று நாங்கள் சொல்லவில்லை. உறுப்புகள் அனைத்தும் ஒழுங்காக ஒடுங்கினால் ஓர் இரவில் சில விழுக்காடுதான் குறையும். ஏதேனும் ஒரு நிரலோ ஒரு வன்பொருளோ ஒடுங்க மறுத்தால்தான் சிக்கல். பைக்குள்ளே கணினி சூடாக இருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். அது இந்த வகைதான். மூடிய திரைக்கு உள்ளே நடப்பதை வெளியே காட்ட எந்த அடையாளமும் இல்லை. 'உறக்கம்' என்ற சொல் பட்டியலில் பழைய இடத்திலேயே இருக்கிறது. பொருள் மட்டும் மாறிவிட்டது.

விண்டோஸ் தன் உறக்கத்தின் கணக்கைத் தானே எழுதி வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்பதை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் 'ஏ' என்ற எழுத்தும் இட்டால், அந்தக் கணினிக்கு எந்தெந்த உறக்கம் வாய்க்கும் என்ற பட்டியல் வரும். எங்களுடையதில் எஸ்3 இல்லை. தாய்ப்பலகையின் அடிப்படை நிரலே அதை ஆதரிக்கவில்லை என்று இருந்தது. இது புதிய கணினிகள் பலவற்றின் நிலை. அதைவிட முக்கியமானது அடுத்த வரி: ஆழ்துயில் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது. ஆழ்துயிலுக்கென்று வட்டில் சில ஜிகாபைட் இடம் ஒதுக்க வேண்டும். கணினியை அமைத்துத் தந்தவர் அந்த இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார். அது இருந்திருந்தால், மின்கலம் கரைவதைக் கண்டு கணினி தானாகவே ஆழ்துயிலுக்குப் போயிருக்கக்கூடும்.

அதே கட்டளையில் 'ஏ'க்குப் பதிலாக 'ஸ்லீப்ஸ்டடி' என்று இட்டால், கடந்த மூன்று நாள்களின் உறக்கங்களை ஓர் அறிக்கையாகத் தரும். எப்போது மூடினோம், எவ்வளவு நேரம், எத்தனை விழுக்காடு குறைந்தது, ஒடுங்காமல் இருந்தது யார் என்று ஊர்க்கணக்கர் போல் எழுதியிருக்கும். எங்கள் இரவின் குற்றவாளி கம்பியில்லா வலை அட்டை. பெரும்பகுதி நேரம் அது விழித்தே இருந்திருக்கிறது. பழகிப்போன எங்கள் மின்கலத்தின் கொள்ளளவு இப்போது 33 வாட்-மணி. அதைப் பதின்மூன்றரை மணியால் வகுத்தால் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை வாட். திரை அணைந்த கணினிக்கு இது உறக்கம் அல்ல, நடமாட்டம்.

வலை அட்டையின் இயக்கியைக் கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இற்றைப்படுத்தினோம். ஓர் இரவு சோதித்தோம்: ஒன்பது விழுக்காடு குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் களப்பணிக்கு அதை நம்பிப் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அடுத்த இற்றைப்படுத்தலில் வேறோர் உறுப்பு விழித்துக்கொள்ளாது என்பதற்கு உறுதி என்ன? ஆகவே ஆழ்துயிலை மீட்டோம். 'பவர்சிஎஃப்ஜி', சாய்கோடு, 'ஹைபர்னேட்', பிறகு 'ஆன்'. அதன்பின் கட்டுப்பாட்டுப் பலகத்தின் மின்சார அமைப்புகளில், திரையை மூடினால் உறங்கு என்று இருந்ததை ஆழ்துயில் கொள் என்று மாற்றினோம். மறுநாள் காலை நூறு விழுக்காடு நூறாகவே இருந்தது. எழுவதற்கு இருபது நொடி ஆகிறது, உறக்கம் என்றால் இரண்டு நொடி. துறையில் இளையவரான நண்பருக்கு அந்த இருபது நொடி பொறுக்கவில்லை. அவர் தம் சொந்தக் கணினியில் அறிதுயிலையே வைத்திருக்கிறார்; மின்செருகி அருகிலேயே வாழ்பவருக்கு அது போதும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பெரியவர் ஊர் திரும்பியதும் மறுபடி போனோம். தம் குரலைக் காதருகே வைத்துக் கேட்டார். முப்பத்தொரு இடங்களில் தயங்காமல் சொல் தந்தார். நாங்கள் 'வாய்க்கா' என்று எழுதியிருந்தது 'வாகா' என்று தெரிந்தது. அந்த ஒரு திருத்தத்தில் ஓர் அடி முழுவதும் பொருள்பட்டது. ஏழு இடங்களில் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்றார். எஞ்சிய ஐந்தில், "நான் அப்படிப் பாடியே இருக்க மாட்டேன்" என்று உறுதியாக மறுத்துவிட்டார். அவற்றைப் பாடபேதம் என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. மூடிய கணினியிலிருந்தே கைப்பேசிக்கு மின்னேற்றும் யு.எஸ்.பி. துளை சில கணினிகளில் இருக்கிறது; வேண்டாதவர்கள் அதை அடிப்படை அமைப்பில் நிறுத்திவிடலாம். மற்றொன்று, கரைவது எல்லாம் உறக்கத்தின் குற்றமும் அல்ல. அதே கட்டளையில் 'பேட்டரிரிப்போர்ட்' என்று இட்டால், மின்கலம் பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அருகருகே வரும். எங்களுடையது 41இல் தொடங்கி 33க்கு வந்திருக்கிறது. அடுத்த நிதியாண்டில் புது மின்கலம் கேட்டு எழுதியிருக்கிறோம். அந்தக் கோப்பு இப்போது எந்த மேசையில் துஞ்சுகிறது என்று தெரியவில்லை.