இரண்டு சதுர அங்குல ஒளி

தமிழில் பனி என்பது ஒரே சொல். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. தை மாதத்துச் சாலையை மூடும் மூட்டமும் பனி. இமயத்து உச்சியில் உறைந்து கிடப்பதும் பனிதான். முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாகப் பகுத்துப் பெயரிட்ட நம் முன்னோருக்கு, வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதற்கும் ஏரிநீர் பாறையாக இறுகுவதற்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளும் தேவை நேரவில்லை. வகுப்பில் ஆறு பெரும்பொழுதுகளை நடத்தும்போது இது ஒரு குறையாக எனக்குப் பட்டதே இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உறைந்த ஏரியொன்றின்மேல் நின்றபோதுதான் இரண்டையும் பிரித்துச் சொல்லியாக வேண்டியிருந்தது. அங்கே கீழே இருப்பது ஆளைத் தாங்குகிறது. மேலே இருப்பது ஆளை ஏமாற்றுகிறது. முன்னதைப் பனிக்கட்டி என்றும் பின்னதைப் பனி என்றும் இக்கட்டுரைக்காக வைத்துக்கொள்கிறேன்.

என் தம்பி அங்கே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறான். 2018 டிசம்பர் விடுமுறையோடு கொஞ்சம் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அவனுக்குக் குளிர்காலம் என்றால் மில் லாக்ஸ் ஏரி. மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே, ஏறத்தாழ 1,32,000 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் நீர்நிலை அது. ஜனவரியில் அதன்மேல் ஓர் ஊரே எழும்பிவிடுகிறது. பலகையாலும் தகரத்தாலும் செய்த சிறு குடில்களை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். அவற்றை 'மீன்வீடு' என்கிறார்கள். பனியை வழித்துச் சாலைகள் போடுகிறார்கள். கார்கள் ஓடுகின்றன. ஓர் ஆள் நடக்க 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும், ஸ்நோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம், சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம் என்று மாநில இயற்கைவளத் துறை அளவு சொல்கிறது. வெண்ணிறமாக நுரைத்து உறைந்த கட்டியானால் அளவை இரட்டிக்க வேண்டும். எந்தப் பனிக்கட்டியும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல என்பதையும் அத்துறையே சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இருள் பொருள்களை மறைக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். வெளிச்சமும் மறைக்கும் என்பதை அந்த ஏரியில்தான் கண்டேன். புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. வானமும் மேகம் மூடியிருந்தால் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒன்றுபோல வருகிறது, நிழல் விழுவதில்லை. நிழல் இல்லாத இடத்தில் மேடு ஏது, பள்ளம் ஏது? தொடுவானம்கூட அழிந்துபோகிறது. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் பறந்த நியூசிலாந்து விமானம் எரபஸ் மலைமேல் மோதி, அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். எதிரே இருந்த சரிவு விமானிகளின் கண்ணுக்குச் சரிவாகவே தெரியவில்லை என்று 1981இல் விசாரணை ஆணையம் எழுதியது. பகல் வெளிச்சத்தில், தெளிந்த காற்றில், ஒரு மலையையே மறைத்துவிடும் வெண்மைக்கு ஒரு வாளியையும் கயிற்றையும் மறைப்பது எம்மாத்திரம்?

மீன்பிடிப்பவரின் கருவிகளோ சிறியவை. துளைக்கருவியால் எட்டு, பத்து அங்குல அகலத்துக்கு ஒரு துளை போடுகிறார்கள். அதன் குறுக்கே 'டிப்-அப்' என்ற எளிய பொறியை வைக்கிறார்கள். தூண்டில் நூல் சுற்றிய உருளை நீருக்குள்ளேயே இருப்பதால் உறைவதில்லை. மீன் இழுத்தால் மேலே மடங்கியிருக்கும் சிறு கொடி விடுபட்டு நிமிர்கிறது. வைத்தவர் 200 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது மின்னசோட்டா விதி. அத்தனை தொலைவிலிருந்து பார்ப்பதற்காகத்தான் கொடி பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. மற்றவற்றையெல்லாம் பனி எடுத்துக்கொள்கிறது. குடிலைக் காற்று தூக்காமல் பிணைக்கும் கயிறுகள், அது தரையோடு உறைந்து ஒட்டாமலிருக்க அடியில் வைக்கும் மரக்கட்டைகள் எல்லாம் ஓர் இரவுப் பனிக்காற்றில் சமதரையாகிவிடும். வேகமாக வரும் ஸ்நோமொபைலுக்கு உறைந்து நிற்கும் கட்டையொன்று பாறைக்குச் சமம். கைவிட்ட துளையின்மேல் மெல்லிய ஆடை படிந்து, அதன்மேல் பனியும் விழுந்துவிட்டால் காலை முறிக்கும் பொறி தயார். ஈட்டியால் மீன் குத்துவோர் இருட்டுக் குடிலுக்குள் வெட்டும் குழி ஆளையே விழுங்கும்.

ஆகவே சட்டம் குறுக்கிடுகிறது. இரவில் ஏரிமேல் விட்டுச்செல்லும் ஒவ்வொரு மீன்வீட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது இரண்டு சதுர அங்குலம் ஒளிதிருப்பும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். உடையவரை அறிந்துகொள்ளும் பெயரோ எண்ணோ இரண்டு அங்குல உயர எழுத்தில் வெளியே இருக்க வேண்டும். முதன்முதலாக அந்தப் பட்டையைத் தம்பியின் குடிலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில், மங்கலாக, உப்புக்காகிதம்போல் இருந்தது. இதையா சட்டம் போட்டு ஒட்டச்சொல்கிறார்கள் என்று தோன்றியது.

தம்பிக்கு இந்த வித்தையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய பக்கத்து வீட்டு முதியவர். ஒருமுறை பனிக்கட்டி உடைந்து உள்ளே போய் மீண்டவர். மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். குளிர்நீரில் விழுந்தவனுக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம்; கைகால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம்; நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள், கழுத்தில் தொங்கிய இரண்டு கூர்முனைப் பிடிகளைப் பனிக்கட்டியில் குத்திக் குத்தித் தம்மை வெளியே இழுத்துக்கொண்டாராம். வந்த திசையிலேயே புரண்டு புரண்டு கரைசேர்ந்தாராம். அதன்பின் அவருடைய வாளி, கடப்பாரை, சோறள்ளும் அகப்பைபோன்ற பனிக்கரண்டி எல்லாமே ஆரஞ்சு நிறமாகிவிட்டன. கடைகளில் கறுப்பாக விற்கும் சறுக்குப்படகை வாங்கி வந்தால் முதல் வேலையாக நாற்புறமும் பட்டை ஒட்டுவார். தம்பியின் படகுக்கும் ஒட்டியவர் அவர்தான்.

அதன் பொருள் ஒரு மாலையில் புரிந்தது. மூன்றரை மணிக்கே காற்று எழுந்து விழுந்திருந்த பனியைக் கிளப்பியது. குடிலைப் பூட்டிவிட்டுக் கரைக்கு நடந்தோம். தம்பி கயிற்றை இழுத்தான். எட்டு வயது மகன் படகில் கம்பளிக்குள் சுருண்டிருந்தான். நான் பின்னால் நடந்தேன். அரைமணி நேரத்தில் வெண்மை நீலமாகி, நீலம் கருக்கத் தொடங்கியது. கரை எந்தப் பக்கம் என்பதைத் தம்பி திசைகாட்டியில் பார்த்துச் சொன்னான். பக்கவாட்டிலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. ஒற்றை விளக்கு தெரிந்தது. தம்பி தன் தலைவிளக்கை ஆட்டியபடி மகனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த விளக்கு எங்களை நோக்கி நேராகவே வந்து, திடீரென விலகி, பனியை வாரி இறைத்துக்கொண்டு நின்றது. ஓட்டிவந்த இளைஞர் கண்ணாடியை உயர்த்தினார். பறக்கும் பனியில் தம்பியின் விளக்கு தமக்குத் தெரியவில்லை, தரையோரமாக ஒரு கட்டம் பளிச்சென்று எரிந்ததால்தான் வண்டியைத் திருப்பினேன் என்றார். அது படகில் ஒட்டியிருந்த பட்டை.

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. பிறகு படகிலிருந்து குரல் வந்தது. "பெரியப்பா, நம்ம மேல அது எரிஞ்சதுன்னு சொன்னாரே, நமக்கு ஏன் தெரியல?"

நல்ல கேள்வி. அன்றிரவு அவனோடு உட்கார்ந்து அதற்கு விடை தேடினேன். ஆரஞ்சுச் சாயம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும் வாங்கி ஆரஞ்சாக மாற்றி உமிழ்கிறது. அதனால் பகலில் அது எல்லாருக்கும் தெரியும். பகல் போனால் அதன் வலிமையும் போய்விடும். பட்டை வேறு வகை. அதில் பதிந்திருக்கும் நுண்ணிய கண்ணாடிமணிகள் ஒளியைச் சிதறவிடாமல், அது வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகின்றன. விளக்கோடு வருபவனின் கண் விளக்குக்கு அருகில் இருப்பதால் அவனுக்கு அது தீயாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் உடையவனுக்கு வெறும் சாம்பல் துண்டு. இந்தப் பட்டையைச் சாலைக் குறிப்பலகைகளுக்கு உருவாக்கிய த்ரீ எம் நிறுவனம் அதே மின்னசோட்டாவைச் சேர்ந்தது. 1939இல் அதன் முதல் பலகை நின்றதும் மினியாபொலிஸில்தான்.

இந்த இயற்பியலைப் படித்தபின் எனக்குச் சட்டத்தின் உள்ளம் புரிந்தது. எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், நாமெல்லாம் நம்மைக் காட்டிக்கொள்வதைப் பற்றிக் கூச்சமும் ஆசையுமாக வாழ்கிறோம். தன்னைத் தெரியப்படுத்துவது செருக்கு, மறைந்திருப்பது அடக்கம் என்று பழகியிருக்கிறோம். ஏரிமேல் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே மறைந்திருப்பவன் பிறருக்குக் குழி. தெரியும்படி இருப்பவன்தான் பணிவுள்ளவன். அவன் ஒட்டிவைத்த ஒளியை அவன் ஒருபோதும் காணப்போவதில்லை. காணப்போகிறவன் பெயர் தெரியாத ஒருவன். அவனும் நன்றி சொல்ல நிற்கமாட்டான், விலகிப் போய்க்கொண்டே இருப்பான்.

2023 ஜூலை முதல் ஏரிமேல் குப்பையை விட்டுச்செல்வதற்கும் மின்னசோட்டா அபராதம் விதிக்கிறது. தம்பி அதைச் சொன்னபோது எனக்கு உறைந்த மரக்கட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் சுப்பீரியர் ஏரி உறையும் ஆண்டுகளில் பேஃபீல்டு ஊரிலிருந்து மடலின் தீவுக்குப் பனிக்கட்டிமேல் சாலை போடுகிறார்கள். அதன் ஓரங்களில், கிறிஸ்துமஸ் முடிந்து வீசியெறியப்பட்ட மரங்களை வரிசையாக நட்டுவைக்கிறார்கள். கொண்டாட்டம் முடிந்த மரம் அங்கே வழிகாட்டியாக நிற்கிறது. முதியவரும் மூடிய துளைகளின் அருகே ஒரு கிளையை ஊன்றிவிட்டுத்தான் கிளம்புவார். மறுநாள் அந்தப் பக்கம் வரப்போவதில்லையே, பின் எதற்கு என்று கேட்டேன். தாம் வரப்போவதில்லை என்பதால்தான் என்றார்.