வெல்டிங் இயந்திரத்தின் ஓய்வுக் கணக்கு

வெல்டிங் இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில், அது எத்தனை அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதோடு, எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதும் விழுக்காட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பணிச்சுழற்சி எனப்படும் அந்த எண் 20 என்றிருந்தால், உச்ச அளவில் வேலை செய்கையில் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பற்றவைப்பும் எட்டு நிமிடம் ஓய்வும் என்று பொருள். உழைப்புக்கு முன்பே ஓய்வை எழுத்தில் உறுதிசெய்து தரும் இவ்வழக்கம், பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில் சற்று வேடிக்கையாகவே தோன்றும். அங்கே ஒரு நாட்சம்பளத்தைப் ‘பேர்’ என்பார்கள். கொழுந்தின் நிறை குறித்த அளவை எட்டாவிட்டால், காலை முதல் மாலை வரை சரிவில் நின்றவருக்கும் செக்ரோலில் அரைப்பேரே விழும். பத்தில் இரண்டு நிமிடம் உழைத்து முழுப்பேர் வாங்கும் பேறு இந்த இயந்திரத்துக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அந்த ஓய்வுக்குள் ஓர் அழகிய கணிதமும் இருக்கிறது. வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், 30 அம்பியரை ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் இழுக்கும் இயந்திரம், 30ஐ 0.2இன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைக்கும் 13.4 அம்பியரை இடைவிடாது இழுத்தால் எவ்வளவு சூடேறுமோ அவ்வளவே வயரைச் சூடேற்றும். அமெரிக்க விதிநூல் இதனை ஏற்று, வெல்டிங்குக்கென்றே இட்ட தனிச்சுற்றில் மெல்லிய வயரையும், அவ்வயரின் தாங்குதிறனை மிஞ்சிய பிரேக்கரையும் அனுமதிக்கிறது. பிரித்தானிய மரபைப் பின்பற்றும் இலங்கையிலோ பிரேக்கரின் அளவு வயரின் தாங்குதிறனைத் தாண்டலாகாது என்பதே பொதுநெறி.

ஹார்ட்வெயார் கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கப்படுவது, 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் சேர்ந்த 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், 7/1.04 என்பது 6 சதுர மில்லிமீற்றர். குழாய்க்குள் இட்டால் முன்னையது ஏறத்தாழ 24 அம்பியரையும் பின்னையது 41 அம்பியரையும் தாங்கும் என்பதால், மேற்சொன்ன இயந்திரத்துக்கு 7/1.04 வயரும் 32 அம்பியர் பிரேக்கரும் பொருந்தும். சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டத்துக்கெல்லாம் விழுந்துவிடாதிருக்க, தன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கில் உடனே துண்டிக்கும் ‘சி’ வகைப் பிரேக்கரே தகும்.

தூரம் என்பது வேறொரு கணக்கு. முப்பது மீற்றர் தள்ளியுள்ள கொட்டிலுக்கு 7/0.67 வயரில் 20 அம்பியர் சென்றால் வழியிலேயே ஏறக்குறைய 11 வோல்ட் கரைந்துவிடும்; 7/1.04இல் அது நான்கரை வோல்ட்டுக்குள் அடங்கும். மின்னழுத்தம் தளர்ந்தால் பொறி சரியாகப் பிடிக்காது, கம்பி இரும்பில் ஒட்டிக்கொள்ளும், பழி வெல்டர் தலையில் விழும்.

மலைநாட்டில் மின்சாரமே தூரத்தின் கதைதான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின் திட்டத்தைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாதிட்டது 1918இல். அருவி நீரால் சுழன்ற விசையாழிகள் தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கிய காலத்திலும், கூப்பிடு தூரத்துத் தொழிலாளர் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஊவாவில் 120 மெகாவாற்று உமா ஓயா நீர்மின் நிலையம் 2024இல் திறக்கப்பட்டுவிட்ட போதிலும், ஒரு காம்பராவுக்கு வந்த வயரிலிருந்து அடுத்த காம்பராவுக்கு இழுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கொழும்பிலோ வளைகுடாவிலோ வெல்டிங் கற்றுத் திரும்பும் இளைஞர் இஸ்தோப்பின் ஓரத்தில் ஓட்டோவின் சட்டத்தையும் கேட்டையும் பற்றவைக்கத் தொடங்குவது இத்தகைய வயரில்தான். அதை நம்பியிருப்பது அவருடைய வீடு மட்டுமன்று, முழு லயமும்.

ஆகவே, பிரேக்கர் காவல் நிற்பது வயருக்கேயன்றி இயந்திரத்துக்கன்று. அது அடிக்கடி விழுந்தால் பெரிய பிரேக்கரை மாட்டுவது காவலாளியைத் தூங்கவைப்பதாகும். செய்யவேண்டியது, மீற்றர் பெட்டியிலிருந்து கொட்டிலுக்குத் தகுந்த பருமனில் தனி வயர் இழுப்பதும், ட்ரிப் சுவிட்சையும் புவித்தொடுப்பையும் தேர்ந்த மின்னிணைப்பாளரிடம் சோதித்துக்கொள்வதுமே. மொத்த இணைப்பே 30 அம்பியராயின், அதே அளவை இழுக்கும் இயந்திரத்தை வாங்காதிருப்பதே சிக்கனம்.