கொசு வராத மீன் தொட்டி

"வீட்டுக்குள்ள தண்ணியைத் தேக்கி வெச்சா கொசுதான் வரும்" என்றார் மாமியார். போன மழைக்காலத்தில் டெங்கு கண்டு பிழைத்தவர். அந்தக் கொசு நல்ல தண்ணீரில்தானே முட்டையிடும்? சின்னவனோ மீன் தொட்டிக்குத் தவம் கிடந்தான்.

ஒன்றரை அடித் தொட்டி, சுமார் 40 லிட்டர். கழுவிய மணலை இரண்டு அங்குலம் பரப்பி வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் நட்டோம். செடிகள் சென்னை கொளத்தூரில் வாங்கியவை. செஞ்சிக் கோட்டைச் செட்டிக்குளத்தில் பாசி கிடைக்குமே என்றார்கள். குளத்துப் பாசியோடு தும்பிப் புழு வந்தால் மீன்குஞ்சு மிஞ்சாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. கப்பி மீனுக்கு அதுவே ஒத்துக்கொள்கிறது!

உடனே மீன் விடாதீர்கள், சகோதரிகளே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை முறிக்கும் நுண்ணுயிர்கள் மணலில் பெருக நாலைந்து வாரமாகும். மீனில்லாத தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். அது மக்கித்தான் அவற்றுக்கு உணவு. பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அதுவரை கொசு அண்டாமல் பழைய வேட்டியால் வாயை மூடிக் கட்டியிருந்தேன்.

பிறகு ஐந்து கப்பி விட்டோம். பூந்தொட்டித் தட்டில் நெளிந்த கொசுப்புழுவை மாமியாரே கரண்டியில் மொண்டு வந்து ஊற்றினார். நிமிஷத்தில் காணோம்!

இப்போது தீனி போடுவது அவர்தான். "போதும் அத்தே" என்று டப்பாவை வாங்கி வைப்பது என் வேலை.