துடுப்புப் பிடித்தவர் பங்கு

செப்டம்பர், சனிக்கிழமை

காலை 7 மணி. ஒரு காரை பென்டன்வில் பாலத்தருகே நிறுத்திவிட்டு, மற்றதில் கேனூவை ஏற்றி ஃபாஸ்டர்ஸ் துறைக்கு வந்து சேர்ந்தோம். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா ஆற்றில் இது தென்கிளை. வடக்கு நோக்கி ஓடுகிறது. இடப்பக்கம் மசானட்டன் மலை, வலப்பக்கம் காடு. மழையில்லாத மாதம், தண்ணீர் வற்றி, அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்வரை தெரிகிறது.

நண்பர் பின்னால் துடுப்போடு. நான் முன்னால் தூண்டிலோடு. மதியத்துக்குப் பின் இடம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

8.30. கரையில் நிற்பவர் ஒரே மடுவில் எத்தனை முறையும் போட்டுப் பார்க்கலாம். மிதந்து போகிறவருக்கு ஓர் இடம் ஒருமுறைதான். கல்லைக் கண்டு, யோசித்து, கையை ஓங்குவதற்குள் ஓட்டம் நம்மைத் தாண்டவைத்துவிடும். நான் அவசரப்பட்டுக் கல்லின்மேலேயே வீசிக்கொண்டிருந்தேன்.

“கல்லை ஏன் பாக்குற தம்பி? அதுக்குப் பின்னால தண்ணி நிக்குது பாரு, அங்க போடு” என்றார். தாமிரபரணியில் வளர்ந்த கண். நாங்கள் தேடிவந்த ஸ்மால்மவுத் பாஸ் மீன் ஓட்டத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் இடத்தில், மெதுவான பக்கம் ஒதுங்கி நின்று, வருவதைக் கவ்வும்.

10.45. பாறை வரிசை ஒன்றின் கீழ், கிரேஃபிஷ் மாதிரி செய்த பழுப்பு ரப்பர் இரை அடியில் தட்டித் தட்டி வந்தது. கொத்தியதே தெரியவில்லை; தங்கூசி நரம்பு மட்டும் ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்ந்தது. வெட்டி இழுத்ததும் மீன் எகிறி, தலையை உதறி, படகின் அடியில் பாய்ந்தது. நண்பர் படகைத் திருப்பியிராவிட்டால் நரம்பு கல்லில் உரசி அறுந்திருக்கும். கையில் எடுத்தபோது பதினைந்து அங்குலம் இருக்கும். வெண்கல நிற உடம்பில் செங்குத்தான கருங்கோடுகள், சிவந்த கண், கண்ணைத் தாண்டாத வாய். இந்த அளவுக்கு வளர ஆண்டுகள் பல ஆகும். ஈரக்கையோடு பிடித்து நீருக்குள் வைத்திருந்தேன்; வாலால் அடித்துப் போய்விட்டது.

மதியம், மணல் திட்டில் தயிர்சாதம். இந்த மீன் இங்கே பூர்விகம் அல்ல. 1854-இல் ஓஹியோ படுகையிலிருந்து ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுவந்து, இந்த ஆறு போய்ச் சேரும் பொட்டோமக்கில் விட்டார்கள், அங்கிருந்து பெருகியது. பெருகிய இடத்தில் நாம் அதைச் சும்மா விட்டோமா? மேலே வேய்ன்ஸ்பரோவில் 1929 முதல் 1950 வரை ஓர் ஆலை பயன்படுத்திய பாதரசம் ஆற்றில் கலந்து, இன்றுவரை மீன்களின் சதையில் இருக்கிறது. பிடித்ததைத் தின்பதற்கு அரசு வரம்பு சொல்லியிருக்கிறது. 2005 வசந்தத்தில் வளர்ந்த பாஸ்கள் புண் கண்டு கூட்டங்கூட்டமாய்ச் செத்தன. ஆற்றில் எதை விட்டாலும் அது கடலுக்குப் போய்விடும் என்று நம்பியவர்கள்மேல் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

3 மணி. துடுப்பு என் கைக்கு வந்தது. படகை ஓட்டுவது சுலபம். ஓடவிடாமல் வைப்பதுதான் வேலை. வீசுகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் கரையை வைத்துக்கொண்டு, எதிர்த்துடுப்புப் போட்டு, ஓட்டத்தைவிட மெதுவாக இறங்க வேண்டும். தோள் கழன்றுவிடும்போலிருந்தது. காலையில் நான் வீசிய ஒவ்வொரு வீச்சுக்கும் பின்னால் அவர் இந்த உழைப்பைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார். அந்தப் பதினைந்து அங்குலத்தில் பாதி அவருடையது.

சிகமோர் மர நிழலில் அவர் மேல்மிதக்கும் இரையை ‘பொளக்’கென்று இழுத்து நிறுத்தினார். இரண்டாம் இழுப்பில் தண்ணீர் வெடித்தது.

“பிடிச்சு நிறுத்துங்க, திருப்புறேன்!”

“நிறுத்துறது உன் கையிலதாம்ப்பா இருக்கு!”

5.45. மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துக்கொண்டது. பென்டன்வில்லில் கரையேறினோம். அடுத்தமுறை இங்கிருந்து கீழே, காம்ப்டன் துள்ளுநீர் வழியாக. அதற்கு கேனூ வேண்டாம், ராஃப்ட் வாடகைக்கு எடுப்போம் என்கிறார். மே, ஜூனில் ஆண் மீன் கூட்டைக் காத்து நிற்கும் நாட்கள் முடியட்டும், ஜூலையில் வைத்துக்கொள்வோம் என்றேன். சரி என்றார்.